நான்ஸ்டிக் தட்டில் டோனட் சுடுவது: முதன்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டோனட் செய்முறைகளில் மைதா எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்பதெல்லாம் சரியாகவே எழுதியிருக்கும். கடைசியில் "தட்டில் ஊற்றி 10 நிமிடம் சுடவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நான் திண்டாடியது முழுக்க அந்த ஒரு வரிக்குள்தான். டோனட் தட்டின் வளையக் குழியில் எவ்வளவு ஊற்றுவது, ஒட்டாத தட்டுக்கும் எண்ணெய் தடவ வேண்டுமா, எந்த நிமிடத்தில் கவிழ்ப்பது, நடு ஓட்டை ஏன் மூடிக்கொள்கிறது, இவை எதற்கும் அங்கே பதில் இருக்காது. கலவையில் சின்னக் கூடக்குறைச்சல் இருந்தாலும் டோனட் வந்துவிடும். தட்டும் சூடும் நேரமும் தவறினால்தான் வராது. அதனால் அந்த மூன்றையும் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு தெளிவு. ஓவனில் சுட்ட டோனட், பொரித்த டோனட் மாதிரி இருக்காது. பொரிக்கும்போது சுமார் 180 டிகிரி சூட்டில் இருக்கும் எண்ணெய் மாவை நேரடியாகத் தொடுகிறது. மேல்தோல் சட்டென்று இறுகிச் சிவக்கிறது. ஓவனில் அந்த வேலையைக் காற்றும் தட்டும் செய்கின்றன. காற்று எண்ணெயைவிட மெதுவாகத்தான் சூட்டைக் கடத்தும். ஆகவே உங்களுக்குக் கிடைக்கப்போவது வளைய வடிவத்தில் ஒரு மெத்தென்ற கேக். அதை எதிர்பார்த்துச் செய்யுங்கள், ஏமாற்றம் இருக்காது. ஈஸ்ட் போட்டுப் பொங்கவைக்கும் மாவு வேறு வகை. அதற்குக் குழித்தட்டே தேவையில்லை. வளையமாக வெட்டிச் சமதட்டில் அடுக்கிச் சுடலாம். ஆனால் மாவு இரண்டு முறை பொங்கிவர 2 மணி நேரம் வரை ஆகும். இந்தக் கட்டுரை பேக்கிங் பவுடர் போட்டுச் செய்யும் கேக் வகைக்கு மட்டும்.

நேரக் கணக்கு இது. ஓவன் சூடேற 20 நிமிடம். அதற்குள் கலவை தயாராகிவிடும். சுட 10 நிமிடம், தட்டிலேயே ஆற 5 நிமிடம், மேல்பூச்சுக்கு 15 நிமிடம். எல்லாப் பொருளும் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முதல் 6 டோனட் தயார்.

1. தட்டு வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பெரும்பாலும் கிடைப்பது 6 குழித் தட்டு. 12 குழித் தட்டும் உண்டு, ஆனால் சிறிய ஓவனுக்குள் அது நுழையாது. வாங்கப் போகும் முன் ஓவனின் உள் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் 2 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். இல்லாவிட்டால் சூடான காற்று சுற்றிவர வழியில்லாமல் ஒரு ஓரம் கருகும், இன்னொரு ஓரம் வெளுத்துக் கிடக்கும்.

தட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு ஓரங்களையும் பிடித்து லேசாக முறுக்கினால் வளைந்து கொடுக்கிறதா? அப்படியானால் அது ஓவன் சூட்டில் நெளியும். நெளிந்த தட்டில் கலவை ஒரு பக்கம் சரிந்து, டோனட் கோணலாக எழும்பும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது கனமான தட்டை வாங்குங்கள்.

நிறமும் முக்கியம். கறுப்பு, கருஞ்சாம்பல் பூச்சு உள்ள தட்டு வெப்பத்தை அதிகம் உறிஞ்சும். வெளிர் சாம்பல் தட்டில் பொன்னிறமாக வரும் அதே நேரத்தில் கறுப்புத் தட்டில் அடிப்பக்கம் ஆழ்ந்த பழுப்பாகிவிடும். கறுப்புத் தட்டு வைத்திருப்பவர்கள் செய்முறையில் சொன்ன சூட்டில் 10 முதல் 15 டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் குழிக்கு நடுவில் நிற்கும் கூம்பைக் கவனியுங்கள். அது குழியின் விளிம்புக்குச் சமமாகவோ சற்றே உயரமாகவோ இருக்க வேண்டும். கூம்பு குட்டையாக இருந்தால் எவ்வளவு கவனமாக ஊற்றினாலும் ஓட்டை மூடிக்கொள்ளும்.

தட்டோடு ஒரு காகிதம் வரும். அட்டைப் பெட்டியோடு சேர்த்து அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எத்தனை டிகிரி வரை தாங்கும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடலாமா, உலோகக் கரண்டி படலாமா என்ற மூன்று விஷயங்களும் அதில்தான் இருக்கும். பெரும்பாலான நான்ஸ்டிக் தட்டுகளுக்கு 230 டிகிரி செல்சியஸ் அருகில் வரம்பு போட்டிருப்பார்கள். நமக்குத் தேவை 175 தான், அதனால் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. இந்தத் தட்டுகளில் பலவற்றுக்கும் டெஃப்லான் வகைப் பூச்சுதான். அது 260 டிகிரியைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். அப்போது வரும் புகை வளர்ப்புப் பறவைகளைக் கொல்லக்கூடியது. ஆகவே வெறும் தட்டை ஓவனுக்குள்ளேயே வைத்துவிட்டு மறந்துபோய் வேறு எதற்காகவோ உச்ச சூட்டில் ஓவனைப் போடாதீர்கள். கிரில் கம்பிக்கு நேர் கீழேயும் இந்தத் தட்டை வைக்கக் கூடாது. வீட்டில் பறவை வளர்ப்பவர்கள் இதை இன்னும் கவனமாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

டோனட் தட்டு இல்லையென்றால் மஃபின் தட்டிலும் ஒப்பேற்றலாம். அலுமினியத் தாளைக் கட்டைவிரல் பருமனுக்கு உருட்டி, எண்ணெய் தடவி, ஒவ்வொரு குழியின் நடுவிலும் நிறுத்திவிட்டுச் சுற்றிலும் கலவையை ஊற்றுங்கள். வடிவம் கொஞ்சம் முன்பின் இருக்கும், ருசி மாறாது. பிடித்துப் போனால் பிறகு தட்டு வாங்கிக்கொள்ளலாம்.

2. வேறு எதில் செலவு செய்யலாம், எதில் வேண்டாம்

ஒரு டிஜிட்டல் தராசு, ஓவனுக்குள் வைக்கும் ஒரு சிறு தெர்மாமீட்டர். தட்டுக்கு அடுத்து இந்த இரண்டுக்கும் மட்டும் பணம் போடுங்கள். டோனட் மட்டுமல்ல, நீங்கள் ஓவனில் செய்யும் எல்லாவற்றுக்கும் இவை உதவும். பைப்பிங் பை, அதற்கான முனைகள், டோனட்டுக்கென்று தனிக் கரண்டி எதுவும் அவசியமில்லை. மூலை வெட்டிய கெட்டியான பிளாஸ்டிக் பை போதும். ஆறவைக்கும் கம்பி வலை இல்லையென்றால் ஓவனோடு வந்த கம்பித் தட்டையே வெளியே எடுத்துப் பயன்படுத்தலாம்.

3. குழியை ஒருமுறை அளந்துவிடுங்கள்

எந்தச் செய்முறையிலும் இதை நான் பார்த்ததில்லை. தட்டுக்குத் தட்டு குழியின் கொள்ளளவு மாறும். "6 டோனட் வரும்" என்று எழுதியவரின் தட்டு வேறு, உங்கள் தட்டு வேறு. தட்டைத் தராசின் மேல் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். ஒரு குழியில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் அந்தக் குழியின் மி.லி. அளவு. அதில் மூன்றில் இரண்டு பங்கை ஒரு காகிதத்தில் எழுதி அலமாரியில் ஒட்டிவிடுங்கள். குழி 80 மி.லி. பிடித்தால் உங்கள் எண் 53. இனி எந்தச் செய்முறையை எடுத்தாலும் ஒரு குழிக்கு சுமார் 53 கிராம் கலவை. இந்த ஓர் எண் கையில் இருந்தால் பொங்கி வழிவது, ஓட்டை மூடுவது, ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வருவது எல்லாம் பெருமளவு குறைந்துவிடும்.

4. ஓவனின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஓவனில் திருகு 175 காட்டினால் உள்ளே 175 இருக்கும் என்று நம்ப முடியாது. 20 டிகிரி கூடவோ குறைவாகவோ இருப்பது சாதாரணம். கேக்கை 40 நிமிடம் சுடும்போது இது பெரிதாகத் தெரியாது. டோனட் வேகும் நேரமே 10 நிமிடம் என்பதால் இங்கே இந்த வித்தியாசம் பெரிது. தெர்மாமீட்டரை ஓவனின் நடு அடுக்கில் வைத்து, ஓவனை 175-க்கு வைத்து, 20 நிமிடம் கழித்துப் பாருங்கள். 160 காட்டினால் திருகை 190-க்கு வையுங்கள். அவ்வளவுதான்.

சூடாகிவிட்டது என்று விளக்கு அணைந்ததும் தட்டை உள்ளே தள்ளிவிடுவது பலரும் சிக்கும் இடம். அப்போது சூடேறியிருப்பது உள்ளிருக்கும் காற்று மட்டும். சுவர்கள் இன்னும் சூடேறியிருக்காது. கதவைத் திறந்ததும் அந்தச் சூடு வெளியேறிவிடும். விளக்கு அணைந்த பிறகும் 5 முதல் 10 நிமிடம் காத்திருங்கள்.

விசிறி ஓடும் ஓவன் என்றால் சூட்டை 15 முதல் 20 டிகிரி குறைக்க வேண்டும். மேல்கம்பி, கீழ்கம்பி தனித்தனியாகப் போடும் வசதி இருந்தால் இரண்டையும் போடுங்கள். தட்டு நடுவில் இருக்கட்டும். மைக்ரோவேவில் கன்வெக்‌ஷன் வசதி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உலோகத் தட்டைக் கன்வெக்‌ஷன் முறையில் மட்டுமே பயன்படுத்த வேண்டும், அதுவும் உங்கள் கருவியின் கையேடு அனுமதித்தால்தான். மைக்ரோவேவ் அலை ஓடும் எந்த முறையிலும் அது உள்ளே இருக்கக் கூடாது. தட்டு சுவரில் இடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. பொருட்கள்

6 அல்லது 7 டோனட்டுக்கு:

மைதா 120 கிராம்
நைசான சர்க்கரை 65 கிராம்
பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன்
பேக்கிங் சோடா கால் டீஸ்பூனில் பாதி
உப்பு கால் டீஸ்பூன்
ஜாதிக்காய்த் தூள் கால் டீஸ்பூன்
முட்டை 1
தயிர் 50 கிராம்
பால் 50 மி.லி.
உருக்கி ஆறவைத்த வெண்ணெய் அல்லது வாசனையில்லாத எண்ணெய் 30 கிராம்
வெனிலா எசன்ஸ் 1 டீஸ்பூன்

மைதாவைக் கப்பில் அளக்காதீர்கள். கப்பை மாவுக்குள் விட்டு அள்ளினால் 150 கிராம் வரை ஏறும், கரண்டியால் மெதுவாக நிரப்பினால் 120 கிராம்தான் இருக்கும். அந்த 30 கிராம் வித்தியாசமே டோனட்டை வறட்டிவிடும்.

ஜாதிக்காயை விட்டுவிடத் தோன்றும். விட்டுவிடாதீர்கள் என்பது என் கருத்து. கேக் வகை டோனட்டின் அந்தத் தனி மணம் அதிலிருந்துதான் வருகிறது. அது இல்லாவிட்டால் ஓட்டை போட்ட வெனிலா கேக் சாப்பிட்டது போலவே இருக்கும். முழு ஜாதிக்காயைத் துருவிப் போட்டால் இன்னும் நல்லது.

பேக்கிங் பவுடர் டப்பா எப்போது திறந்தது என்று நினைவில்லையா? அரை டீஸ்பூன் எடுத்துக் கொஞ்சம் வெந்நீரில் போடுங்கள். உடனே நுரைத்துப் பொங்கினால் உயிரோடு இருக்கிறது. சும்மா கரைந்தால் புது டப்பா வாங்குங்கள். சோடாவை வினிகரில் போட்டு இதே மாதிரி பார்க்கலாம். உப்பலாக வரட்டும் என்று சோடாவை மட்டும் கூட்டிவிடாதீர்கள். தயிரின் புளிப்பு சமன்செய்யும் அளவுக்கு மேல் போனால் சோப்புச் சுவை வரும், நிறமும் கருக்கும்.

முட்டை சேர்க்காதவர்கள் தயிரை 100 கிராமாக்கிக்கொள்ளலாம். டோனட் சற்று மென்மையாக, எளிதில் உடையும்படி வரும். தட்டில் 2 நிமிடம் கூடுதலாக ஆறவிடுங்கள். மைதாவில் பாதிக்குக் கோதுமை மாவு போடலாம். அப்போது பால் ஒன்றிரண்டு டேபிள்ஸ்பூன் அதிகம் தேவைப்படும்.

முட்டை, பால், தயிர் எல்லாவற்றையும் அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். குளிர்ந்த பாலில் உருக்கிய வெண்ணெயை ஊற்றினால் அது உடனே உறைந்து துகள் துகளாக மிதக்கும். அந்தத் துகள் இருக்கும் இடத்தில் டோனட்டில் எண்ணெய்க் குழி விழும்.

6. ஒட்டாத தட்டுக்கும் எண்ணெய் வேண்டும்

புதுத் தட்டை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு போட்டு மென்மையான பஞ்சால் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் சுடும் முன் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு வேண்டும். நான்ஸ்டிக் என்றாலும்தான். கலவையில் இருக்கும் சர்க்கரை சூட்டில் உருகிப் பசையாகிவிடும். அந்தப் பசைக்கும் பூச்சுக்கும் நடுவில் எண்ணெய் இருந்தால்தான் டோனட் முழுசாகக் கழன்று வரும்.

தூரிகையால் வாசனையில்லாத எண்ணெயைத் தடவுங்கள். நடுக்கூம்பின் உச்சி வரையிலும் குழியின் மேல்விளிம்பிலும் தடவ வேண்டும். டோனட் கிழிவது பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில்தான். குழியின் அடியில் எண்ணெய் தேங்கினால் ஒரு தாளால் ஒற்றி எடுத்துவிடுங்கள். தேங்கிய இடத்தில் டோனட்டின் மேல்முகம் (கவிழ்த்ததும் மேலே வரும் பக்கம்) பொரிந்து புள்ளி புள்ளியாகிவிடும். வெண்ணெய் தடவலாமா என்றால், தடவலாம், ஆனால் அதிலுள்ள பால் திடப்பொருள் சூட்டில் பழுத்து ஒட்டும். எண்ணெய் நல்லது.

டப்பாவில் வரும் ஸ்ப்ரே எண்ணெயைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பலவற்றில் லெசித்தின் என்ற சேர்ப்புப் பொருள் கலந்திருக்கும். அது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து, பிசுபிசுப்பான பழுப்பு ஏடாக மாறும். சாதாரணமாகக் கழுவினால் போகாது. நல்ல தட்டு சில மாதங்களில் ஒட்டத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

7. கலப்பது

மைதா, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, ஜாதிக்காய் ஐந்தையும் சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். இன்னொரு கிண்ணத்தில் முட்டையையும் சர்க்கரையையும் ஒரு நிமிடம் அடித்து, தயிர், பால், வெண்ணெய், வெனிலா சேர்த்துக் கலக்குங்கள். ஈரக் கலவையை மாவில் ஊற்றி ஸ்பாட்டுலாவால் அடியிலிருந்து மேலாக மடித்துக் கிளறுங்கள். 12 முதல் 15 முறை மடித்தால் போதும்.

வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் கையை எடுத்துவிட வேண்டும். சிறு கட்டிகள் இருக்கும், இருக்கட்டும். அவற்றைக் கரைக்கிறேன் என்று மேலும் அடித்தால் மைதாவின் புரதம் இழுபட்டுப் பசையாகும். டோனட் ரப்பராகவும் உள்ளே நீள்நீளமான துளைகளோடும் வரும். மின்சார பீட்டர் இந்த வேலைக்கு வேண்டாம்.

கலவை கரண்டியிலிருந்து கொத்தாக விழ வேண்டும், தண்ணீராக ஓடக் கூடாது. 5 நிமிடம் அப்படியே விடுங்கள். மாவு ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் கெட்டிப்படும். 10 நிமிடத்துக்கு மேல் விட வேண்டாம், சோடா தயிரோடு சேர்ந்து வாயுவை வெளியிடத் தொடங்கியிருக்கும்.

8. குழியை நிரப்புவது

கரண்டியால் ஊற்றினால் கூம்பின் மேலெல்லாம் வழியும். ஒரு பிளாஸ்டிக் பையை உயரமான டம்ளருக்குள் விட்டு, விளிம்பை வெளியே மடித்து, கலவையை அதில் ஊற்றுங்கள். பையை முறுக்கிப் பிடித்து, மூலையை 1 செ.மீ. அளவுக்கு வெட்டுங்கள். தட்டைத் தராசின் மேல் வைத்துக்கொண்டு, குழிக்குக் குழி எடையைப் பூஜ்யமாக்கி, நீங்கள் எழுதிவைத்த எண் வரும் வரை வளையமாகப் பிழியுங்கள்.

தராசு இல்லாதவர்கள் கண்ணளவாக மூன்றில் இரண்டு பங்கு நிரப்பலாம். கூம்பின் உச்சி கலவைக்கு மேலே தெளிவாகத் தெரிய வேண்டும். நிரப்பிய பிறகு ஈர விரலால் ஒவ்வொரு கூம்பின் தலையையும் துடைத்துவிடுங்கள். தட்டை மேசையில் லேசாக ஒருமுறை தட்டினால் காற்றுக் குமிழிகள் மேலே வந்துவிடும்.

மீதி கலவை கொஞ்சம் இருந்தால் இன்னொரு சிறு கிண்ணத்தில் ஊற்றிச் சுடுங்கள். வீணாக்கக் கூடாதே என்று 6 குழிகளிலும் பங்கிட்டு ஊற்றினால் ஆறும் காளான் மாதிரி பொங்கி, ஓட்டை போய்விடும்.

ஒரு குழி காலியாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம்; அதில் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை.

9. சுடுவது

175 டிகிரி, ஓவனின் நடு அடுக்கு. முதல் 7 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். கலவை எழும்பும் நேரம் அது, சூடு குறைந்தால் நடுவில் அமிழ்ந்துவிடும். 8-வது நிமிடம் முதல் ஓவன் அருகே நில்லுங்கள். பெரும்பாலும் 9 முதல் 12 நிமிடத்துக்குள் வெந்துவிடும்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. கண்ணுக்குத் தெரியும் பக்கம் வெளிறித்தான் இருக்கும். பொன்னிறம் தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்தில். மேலேயும் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் கீழே கருகி, உள்ளே காய்ந்துவிடும். விரல் நுனியால் மெல்ல அழுத்துங்கள். பள்ளம் விழாமல் மீண்டு எழும்பினால் வெந்துவிட்டது. பல்குச்சியை அகலமான இடத்தில் செருகினால் ஈர மாவு ஒட்டாமல் வர வேண்டும். ஓரம் குழியிலிருந்து ஒரு நூல் அளவு விலகியிருப்பதும் நல்ல அடையாளம். உணவுத் தெர்மாமீட்டர் இருப்பவர்களுக்கு 95 டிகிரி சரியான அளவு.

உங்கள் ஓவனில் எத்தனை நிமிடம் ஆனது என்று அலமாரியில் ஒட்டிய காகிதத்தில் எழுதிவையுங்கள். அடுத்த முறை அதற்கு ஒரு நிமிடம் முன்பே பார்க்கத் தொடங்கினால் போதும்.

10. கவிழ்க்கும் நேரம்

தட்டை வெளியே எடுத்து 5 நிமிடம் அப்படியே வையுங்கள். உடனே கவிழ்த்தால் சூட்டில் இளகியிருக்கும் டோனட் பாதியாக உடையும். 10, 15 நிமிடம் என்று விட்டுவிட்டாலும் சிக்கல்; உள்ளிருந்து வரும் நீராவி வெளியேற வழியின்றிக் குழியிலேயே தண்ணீராகிவிடும். டோனட்டின் அழகான பக்கம் நைந்து, உரிந்து, தட்டில் ஒட்டிக்கொள்ளும்.

5 நிமிடம் ஆனதும் ஒவ்வொன்றையும் விரலால் லேசாகச் சுழற்றிப் பாருங்கள். சுழன்றால், கம்பி வலையைத் தட்டின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் கவிழ்த்துவிடலாம். சுழலாமல் அடம்பிடித்தால் பல்குச்சியாலோ மெல்லிய சிலிகான் ஸ்பாட்டுலாவாலோ கூம்பைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டுங்கள். கத்தி முனை, உலோகக் கரண்டி எதுவும் வேண்டாம். ஒரு கீறல் விழுந்தால் அடுத்த ஈட்டிலிருந்து சரியாக அந்த இடத்தில்தான் ஒட்டும்.

11. மேல்பூச்சு

இங்கே எல்லாமே டோனட்டின் சூட்டைப் பொறுத்தது. பட்டைச் சர்க்கரை வேண்டுமென்றால் டோனட் வெதுவெதுப்பாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். 60 கிராம் சர்க்கரையில் 1 டீஸ்பூன் பட்டைத் தூள் கலந்து, டோனட் மேல் உருக்கிய வெண்ணெய் தடவி, அதில் புரட்டுங்கள். பொரித்த டோனட்டின் நினைவை ஓரளவுக்காவது தருவது இதுதான். முதன்முறை செய்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

சர்க்கரைப் பாகு போன்ற வெள்ளை மெருகுக்கு 120 கிராம் ஐசிங் சுகரில் ஒன்றரை டேபிள்ஸ்பூன் பால் ஊற்றிக் குழையுங்கள். கெட்டியாக இருந்தால் சொட்டுச் சொட்டாகப் பால் சேர்க்கவும். அரை டீஸ்பூன் கூடினாலே தண்ணீராகிவிடும். டோனட் கைக்கு இளஞ்சூடாக இருக்கும்போது, தட்டைத் தொட்டிருந்த வழவழப்பான பக்கத்தை முக்கி எடுங்கள். சூடாக முக்கினால் மெருகு முழுவதும் வழிந்து கீழே போய்விடும். ஐசிங் சுகர் கையில் இல்லையென்றால் 100 கிராம் சர்க்கரையும் 2 டீஸ்பூன் சோள மாவும் (கார்ன்ஃப்ளார்) மிக்ஸியில் நைசாகப் பொடித்துச் சலித்துக்கொள்ளலாம்.

சாக்லெட்டுக்கு டோனட் முழுதாக ஆறியிருக்க வேண்டும். 100 கிராம் டார்க் சாக்லெட்டைப் பொடியாக நறுக்கி, சூடாக்கிய 60 மி.லி. கிரீமை அதன்மேல் ஊற்றி, 2 நிமிடம் விட்டுக் கலக்கினால் முக்கி எடுக்கும் பதம் வரும்.

12. இரண்டாம் ஈடு

சூடான தட்டில் அடுத்த கலவையை ஊற்றாதீர்கள். ஓரம் உடனே வெந்து இறுகி, நடுப்பகுதி மட்டும் எழும்பிப் பிளக்கும். தட்டு கை தாங்கும் சூட்டுக்கு ஆறட்டும், துகள்களைத் துடைத்துவிட்டு, மறுபடியும் எண்ணெய் தடவுங்கள். சீக்கிரம் ஆற வேண்டுமென்று பச்சைத் தண்ணீரில் பிடித்தால் தட்டு நெளிந்துவிடும்.

ஒரே தட்டில் ஓர் ஈட்டுக்கு 25 நிமிடம் என்று வையுங்கள். 24 டோனட் வேண்டுமென்றால் 4 ஈடு, கிட்டத்தட்ட 2 மணி நேரம். விருந்துக்குச் செய்கிறீர்கள் என்றால் இன்னொரு தட்டு வாங்கியோ கேட்டு வாங்கியோ வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஓவனில் இருக்கும்போது மற்றது ஆறிக்கொண்டிருக்கும். நாலு ஈட்டுக்கும் மொத்தமாகக் கலவை கரைத்து வைப்பதும் சரிவராது. உலர்ந்த பொருட்களை நாலு கிண்ணங்களில் பிரித்து வைத்துவிட்டு, ஒவ்வொரு ஈட்டுக்கும் 10 நிமிடம் முன்னால் ஈரப் பொருட்களைச் சேருங்கள்.

13. சரியாக வராவிட்டால்

ஓட்டை மூடிக்கொண்டால் கலவை அதிகம். ஒரு குழிக்கு 5 கிராம் குறையுங்கள். மூடிய ஓட்டையைச் சூடாக இருக்கும்போதே சிறு மூடியாலோ ஸ்ட்ராவாலோ குத்தித் திறந்துவிடலாம்.

மேலே மலைபோலக் குவிந்து பிளந்தால் ஓவன் சூடு அதிகம். எழும்பாமல் தட்டையாக இருந்தால் பேக்கிங் பவுடரையும் முன்சூட்டையும் சந்தேகப்படுங்கள். ஒரு பக்கம் மட்டும் சிவக்கிறது என்றால் 7-வது நிமிடத்துக்குப் பிறகு தட்டைத் திருப்பி வைக்கலாம். வறண்டு உதிர்ந்தால் முதலில் சுடும் நேரத்தில் ஒரு நிமிடம் குறைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் பொருட்களில் கை வைக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும்.

14. தட்டும் மிச்ச டோனட்டும்

தட்டு ஆறிய பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவிட்டால் எல்லாம் கழன்றுவிடும். கம்பி நார் வேண்டாம். இயந்திரத்தில் போடலாம் என்று தட்டோடு வந்த காகிதத்தில் இருந்தாலும் கையால் கழுவுவதே பூச்சுக்கு நல்லது. பூச்சுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் எஃகு. மடிப்புகளில் தண்ணீர் நின்றால் துருப்பிடிக்கும். அதனால் துடைத்துவிட்டு, அணைத்த ஓவனில் மிச்சமிருக்கும் இளஞ்சூட்டில் காயவையுங்கள், காய்ந்ததும் மறக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள். அடுக்கி வைக்கும்போது நடுவில் ஒரு துணி போட வேண்டும்.

இந்த டோனட் சுட்ட அன்றே சாப்பிட வேண்டியது. மேல்பூச்சு போடாதது காற்றுப் புகாத டப்பாவில் 2 நாள் தாங்கும். பால் மெருகும் கிரீம் சாக்லெட்டும் போட்டதை வெளியில் நீண்ட நேரம் வைக்காமல் அன்றே முடித்துவிடுங்கள். பட்டைச் சர்க்கரை போட்டது மறுநாள் கசிந்து ஈரமாகும். வெறும் டோனட்டைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் வெளியில் இருப்பதைவிட வேகமாக விறைத்துப்போகும். அதிக நாள் வைக்க வேண்டுமானால் நேரடியாக உறைநிலைப் பெட்டிக்குத்தான் போக வேண்டும். ஆறியதும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி வைத்தால் ஒரு மாதம் நன்றாக இருக்கும். எடுத்து வெளியில் ஒரு மணி நேரம் வைத்து, 150 டிகிரி ஓவனில் 4 நிமிடம் சூடுபடுத்தி, அதன் பிறகு வெண்ணெயும் சர்க்கரையும் போடுங்கள்.